பட் பிளேட்டில் எழுந்தருளிய பெருமாள்

மதுரைவீரனுக்குக் கோபம் வந்தால் தென்னூரில் கொடியில் கிடக்கும் ஈரத்துணியெல்லாம் தானாகக் காய்ந்துவிடும் என்று அவர் மனைவி செல்லக்கிளி சொல்வாள். அதில் கொஞ்சம் மிகை இருக்கலாம். வேட்டி காயும், ஜமுக்காளம் காயாது.

அன்றைக்கு ஜமுக்காளமும் காய்ந்திருக்கும். முன்னாள் படைவீரர் சங்கத்தின் செயலாளரான ஓய்வுபெற்ற ஹவில்தார் அன்புச்செல்வன், ஒரு டப்பா தங்கப் பெயின்ட்டையும் புத்தம்புதுப் பித்தளைத் தகடு ஒன்றையும் சங்கத்து மேசைமேல் வைத்துவிட்டு, "அண்ணே, வேலை முடிஞ்சுதுன்னு வெச்சுக்கங்க" என்றார்.

"எந்த வேலை?"

"நம்ம துப்பாக்கி வேலைதான். பட் பிளேட் கெடைக்கல, பட் பிளேட் கெடைக்கலன்னு பொலம்பிக்கிட்டே இருந்தீங்கள்ல. லேத் பட்டறையில சொல்லி ஒண்ணு அடிச்சாச்சு. இதை மாட்டி, மேல தங்கப் பெயின்ட் ஒரு கோட் குடுத்தா, கல்யாண மண்டப வாசல்ல நிக்கிற யானை மாதிரி சும்மா ஜொலிக்கும்."

மதுரைவீரன் தகட்டை எடுத்து முகர்ந்து பார்த்தார். அதில் இன்னும் பட்டறை எண்ணெய் வாடை போகவில்லை.

"இதுக்கு இன்னும் தொப்புள்கொடியே விழல. இதைப் போயி நூத்தம்பது வருசத்துத் துப்பாக்கியில மாட்டுவியா? உன் கொள்ளுத்தாத்தாவுக்குப் பொய்ப்பல் கட்டி, உதட்டுச் சாயம் பூசி, மாப்பிள்ளைன்னு ஊர்வலம் விடுவியா?"

"அவரு எப்பவோ போயிட்டாருண்ணே."

"கொடுத்து வெச்சவரு."

அந்தத் துப்பாக்கி ஸ்னைடர் ரகம். விக்டோரியா மகாராணி காலத்துச் சிப்பாய்கள் தூக்கியது. நின்றால் ஒரு ஆள் கழுத்து உயரம் வரும். வழியெங்கும் பித்தளை. குழாயில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றி, இனி இதனால் ஒரு கொசுவைக்கூடச் சுட முடியாது என்று போலீஸ் எழுதிக் கொடுத்த பிறகுதான் சங்கத்துச் சுவருக்கு வந்தது. பல வருஷம் முன்பு மண்டபத்துக்கு வெள்ளையடித்தபோது அதைக் கழற்றி மூலையில் சாத்தினார்கள். வெள்ளையடிப்பு முடிந்து பார்த்தால், குழாயின் அடியில் செருகியிருந்த இரும்புச் சலாகையைக் காணோம். கட்டையின் அடியில், தோளில் பதியும் இடத்தில் இருந்த பித்தளைத் தகட்டையும் காணோம். அந்தத் தகடுதான் பட் பிளேட். போன பொருள் போனதுதான். மிச்சமிருந்த துப்பாக்கிக்கு யாரோ ஒரு புண்ணியவான் வெள்ளிப் பெயின்ட் அடித்துவிட்டான்.

அதைச் சீர்செய்யும் பொறுப்பை மதுரைவீரன் தானாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் படைவீரர் அல்ல. துப்பாக்கி ஆலையில் இன்ஸ்பெக்ஷன் பார்த்தவர். ஒரு மயிரிழை கூடியிருந்தாலும் குறைந்திருந்தாலும் சிவப்புப் பெயின்ட்டைத் தடவி மூலையில் எறிகிற உத்தியோகம். அந்தப் பழக்கத்தில், கல்யாணத்தன்று தாலிக்கயிற்றின் முறுக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் கட்டினார். முகூர்த்தம் தப்பியதற்கு அதுவே காரணம் என்பது செல்லக்கிளி வீட்டாரின் நிரந்தரக் குற்றச்சாட்டு.

படைவீரர் அல்லாதவருக்குச் சங்கத்தில் என்ன வேலை என்று யாரும் கேட்டதில்லை. மண்டபச் சுவரில் ஒரு கருப்புக் கல் பதித்திருக்கிறது. போரில் உயிர்விட்ட மாவட்டத்து ஆட்களின் பெயர்கள். நடுவில் சிப்பாய் சின்னையன் என்று ஒரு பெயர். மதுரைவீரனின் அண்ணன். இருவரும் ஒன்றாகத்தான் ஆள்சேர்ப்புக்குப் போனார்கள். பாதம் தட்டை என்று தம்பியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். "நீ துப்பாக்கி செய்யிடா, நான் தூக்குறேன்" என்று சொல்லிவிட்டு அண்ணன் ரயிலேறினான். எழுபத்தொன்றில் தந்திதான் வந்தது. உடம்பு வரவில்லை.

கொடி நாளன்று அந்தக் கல்லுக்கு அடியில்தான் துப்பாக்கியை மாட்டப் போகிறார்கள். ஒரு பிரிகேடியர் வந்து திரையை விலக்குவார். அண்ணன் பெயருக்குக் கீழே லேத் பட்டறைத் தகடு தொங்குவதென்றால் மதுரைவீரன் அந்தச் சுவரையே ரிஜெக்ட் செய்துவிடுவார்.

"கொடி நாளுக்குள்ள ஒரிஜினல் வரணும்ணே. வரலைன்னா என் தகடுதான், என் பெயின்ட்டுதான். கமிட்டியும் ஒத்துக்கிச்சு" என்றார் அன்புச்செல்வன். கமிட்டி என்பது கேரம் போர்டைச் சுற்றி உட்கார்ந்திருந்த நான்கு பேர். அவர்கள் முட்டை போண்டாவை மென்றபடி தலையாட்டினார்கள்.

ஒரிஜினலுக்காக மதுரைவீரன் ஏற்கெனவே ஊரைச் சல்லடையாகச் சலித்திருந்தார். மருங்காபுரியில் ஒருவர், ஜமீன் காலத்துத் தகடு என்று சத்தியம் செய்து ஒன்றைக் காட்டினார். அது மாட்டுவண்டிச் சக்கரக் குடத்தின் பூண். லால்குடியில் ஒருவர் காட்டியதில் முத்திரைகூட இருந்தது. தேய்த்துப் பார்த்தால் பம்புசெட் கம்பெனியின் பெயர். இன்டர்நெட்டில் ஒரு ஆள் "நூறு சதம் அசல்" என்று படம் போட்டு, எத்தனை வேண்டும் என்று கேட்டிருந்தான். நூற்றைம்பது வருஷத்துப் பொருள், டஜன் கணக்கில். மதுரைவீரன் அவனுக்கு அனுப்பிய பதிலைப் படித்து அவன் போனே கறுத்துப் போயிருக்கும்.

இந்தக் கொதிப்போடுதான் அன்று மாலை பாலக்கரைப் பக்கம் நடந்தார். குத்புதீன் பாய் தன் பழைய பாத்திரக் கடையைச் சாத்திக்கொண்டிருந்தார். ஒரு நீளக் கம்பியைத் தூக்கி, அதன் கொக்கியை ஷட்டரில் மாட்டி, சர்ரென்று இழுத்தார்.

மதுரைவீரன் நடுத்தெருவில் நின்றுவிட்டார். பின்னால் வந்த ஆட்டோக்காரர் அவருடைய மூதாதையர்களைப் பற்றிக் கேட்டதெல்லாம் காதில் விழவில்லை. கம்பியின் மறு நுனியில், கோணி ஊசியின் காது போல ஒரு நீளத் துளை இருந்தது. துப்பாக்கிக் குழாயைத் துடைக்கத் துணி கோக்கும் துளை. உலகத்தில் வேறு எந்தக் கம்பிக்கும் அப்படி ஒரு காது கிடையாது.

"பாய், அந்தக் கம்பியைக் கீழ வைங்க."

"ஏண்ணே, ஷாக் அடிக்குதா?"

"அது துப்பாக்கிச் சலாகை. மகாராணி பட்டாளத்துது. அதை வளைச்சுக் கொக்கி ஆக்குனது யாரு?"

"எங்க அத்தாதான். மாஷா அல்லா, நல்லா வளைச்சிருக்காங்கள்ல? இத்தனை வருசத்துல ஒரு நாளு வழுக்கினதில்ல."

மதுரைவீரன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். பாய் பயந்துபோய் ஸ்டூலை நகர்த்திப் போட்டு, சோடா வாங்கிக் கொடுத்து, கதையையும் சொன்னார். வெள்ளையடிக்க வந்த யாரோதான் அந்தக் காலத்தில் அத்தாவிடம் இதைக் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். கூடவே குதிகால் மாதிரி வளைந்த ஒரு பித்தளைத் தகடும் வந்ததாம்.

"அது எங்க?" மதுரைவீரன் எழுந்துவிட்டார்.

"உருக்குக்குப் போற கூடையில கெடந்துச்சாம். கடைக்கு வந்த சீரங்கத்து ஐயங்கார் ஒருத்தரு, கணக்கு வாத்தியாரு, அதைப் பார்த்ததும் பெத்த புள்ளை கெணத்துல விழுந்த மாதிரி பதறிப்போயி, மேல்துண்டுல ஏந்திக்கிட்டுப் போயிட்டாராம். என்னமோ சாமி சமாச்சாரம்னாராம். அதுக்கப்புறம் மாசாமாசம் வந்து கூடையைக் கிண்டிப் பார்ப்பாரு. நானே சின்ன வயசுல பார்த்திருக்கேன். வடக்கு உத்தர வீதியில வீடு."

"பட் பிளேட்டுல என்ன பாய் சாமி?"

"அதை நீங்கதான் போயி கேக்கணும். அது சரி, சலாகையை நீங்க தூக்கிக்கிட்டுப் போனா நாளைக்கு நான் ஷட்டரை எதால இழுக்குறது?"

மதுரைவீரன் தன் வளைந்த கைப்பிடிக் குடையைக் கொடுத்துவிட்டு வந்தார். பாய் அதை ஷட்டரில் மாட்டி இழுத்துப் பார்த்து, பரவாயில்லை என்றார்.

மறுநாள் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறிக் காவிரிப் பாலத்தைத் தாண்டியபோது, மதுரைவீரனின் பையில் ஒரு அட்டை இருந்தது. துப்பாக்கிக் கட்டையின் அடிப்பாகத்தை அட்டைமேல் வைத்து, திருகுத் துளைகளோடு வரைந்து வெட்டியது. பொருந்தினால் பாஸ், பொருந்தாவிட்டால் ரிஜெக்ட். வாயால் சொல்வதை அவர் எந்தக் காலத்திலும் நம்பியதில்லை.

கணக்கு வாத்தியார் பரமபதித்துப் பல வருஷம் ஆகியிருந்தது. மருமகள் வகுளா மாமிதான் கதவைத் திறந்தார். ஒல்லியான உடம்பு, குரல் மட்டும் ராஜகோபுர உயரம்.

"பாலக்கரையில பழைய பாத்திரக் கடையிலேர்ந்து உங்க மாமனார் ஒரு பித்தளைத் தகடு..." என்று அவர் தொடங்கியதுமே மாமியின் முகம் மலர்ந்தது.

"சேவிக்க வந்தேளா? உள்ளே வாங்கோ. காலை அலம்பிண்டு வாங்கோ. அடியோங்க ஆத்துக்கு வராளே, அத்தனை பேரும் முதல்ல அவரைத்தான் கேப்பா."

யாரை என்று மதுரைவீரனுக்குப் புரியவில்லை. உள்ளே பூஜை அலமாரியான கோயிலாழ்வாரின் கதவைத் திறந்தார் மாமி. பெருமாள் படம், சாளக்கிராமம், வெள்ளி விளக்கு. அவற்றின் பக்கத்தில், பட்டுத் துணிமேல் துளசி மாலை சாத்திக்கொண்டு, நெற்றியில் சந்தனப் பொட்டோடு, ஸ்னைடர் துப்பாக்கியின் பட் பிளேட் எழுந்தருளியிருந்தது.

மதுரைவீரன் தன்னையறியாமல் கையைக் கூப்பிவிட்டார். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். தகட்டின் மேல்நுனியில் மூன்று கோடுகள் அடித்திருந்தன. நடுவே ஒன்று நேராக, இரு பக்கமும் இரண்டு சாய்வாக, மூன்றும் கீழே ஒரு புள்ளியில் கூடி, நெற்றியில் இட்ட நாமம் போல நின்றன.

"பார்த்தேளா? யார் கையும் படாம தானா அமைஞ்ச திருமண். உருக்கப் போற குப்பையிலேர்ந்து எங்க மாமனாரைக் கூப்பிட்டிருக்கார். ஏதோ கோயில் கதவுத் தகடா இருக்கணும், பல்லக்குல பதிச்சதா இருக்கணும்பா. இவராலதான் எங்க ரெண்டு சம்பந்தியும் பேச்சுவார்த்தை இல்லாமப் போனா."

"எதனால?"

"திருமண்ணுக்குக் கீழே பாதம் இல்லையே. நாங்க புக்காத்துல தென்கலை, மூக்கு வரைக்கும் பாதம் இழுப்போம். பாதம் இருந்தது, தேஞ்சு போச்சுன்னார் மாமனார். எங்கப்பா வடகலை. பாதம் எப்பவுமே கிடையாது, எங்க பெருமாள்தான் உங்காத்துல எழுந்தருளியிருக்கார்னார். என் சீமந்தத்துக்குக்கூட ரெண்டு பேரும் முதுகைக் காட்டிண்டு உட்கார்ந்திருந்தா."

மதுரைவீரனால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. ஆலைக்கு வந்த பழைய துப்பாக்கிகளில் ஆயுள் முழுக்க அந்த முத்திரையைப் பார்த்தவர். பையிலிருந்த அட்டையை எடுத்து நீட்டித் தகட்டோடு பொருத்தினார். ஓரமும் துளையும் உடம்புக்குத் தைத்த சட்டை போல ஒட்டிக்கொண்டன.

"பெருமாள்மேல அட்டைப்பெட்டியை வைக்கறேளே, இதென்ன அக்கிரமம்?"

"அம்மா, இது துப்பாக்கியோட அடித்தகடு. நீங்க தலைகீழா வெச்சிருக்கீங்க. திருப்பிப் பாருங்க, அம்பு. வெள்ளைக்கார சர்க்கார் தன்னோட சொத்துன்னு போடற முத்திரை. பீரங்கியில போடுவான், கூடாரத்துல போடுவான், கக்கூஸ் வாளியிலகூடப் போடுவான்."

கடைசி வாளி வேண்டாததுதான். அது வாயைவிட்டு வெளியே வந்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது.

மாமி காதைப் பொத்திக்கொண்டார். பிறகு கையை எடுத்தார். அதன்பின் பேசியது மாமி மட்டும்தான். "யார் தலைகீழா வெச்சா? நாங்களா? பெருமாள் திருமண்ணைத் தலைகீழாப் பிடிச்சு அம்புன்னானே, அந்த வெள்ளைக்காரன் தலைகீழ். அவன் சொன்னதை வேதமா எடுத்துண்டு வந்து நிக்கறேளே, நீங்க தலைகீழ். நாப்பத்தஞ்சு வருஷமா திருவாராதனம் நடக்கறது. இவருக்கு அமுது கண்டருளப் பண்ணாம நான் ஒரு வாய் சாப்பிட்டதில்லை. எழுந்திருங்கோ. மோர் வெச்சிருக்கேன், குடிச்சுட்டுக் கிளம்புங்கோ."

வெளியே துரத்தும்போதும் மோர் கொடுத்துத் துரத்துகிற வீடு அது. மதுரைவீரன் மோரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"நீங்க சாமின்னு கும்புடறீங்க, சரி. நான் என்னத்துக்குத் தேடுறேன்னு கேக்கவே இல்லையே. எங்க அண்ணன் சண்டையில செத்தான். உடம்பு வரல. படைவீரர் சங்கத்துச் சுவத்துல பேரு மட்டும் இருக்கு. அதுக்குக் கீழதான் கொடி நாளுக்கு அந்தத் துப்பாக்கி தொங்கப் போகுது. அவனுக்கும் டூப்ளிகேட்டா மாட்டச் சொல்றீங்க?"

மாமி டம்ளரை மட்டும் வாங்கிக்கொண்டார்.

வெறுங்கையோடு திரும்பியவரைப் பார்த்து அன்புச்செல்வன் தங்கப் பெயின்ட் டப்பாவைக் குலுக்கினார். "கெடைச்சுதாண்ணே?"

"கெடைச்சுது. சாமியாயிடுச்சு."

சங்கமே சிரித்தது. கேரம் காய்கள்கூடக் குலுங்கின என்று பிறகு மதுரைவீரன் வீட்டில் சொன்னார். கொடி நாளுக்கு முதல் நாள் காலை, அன்புச்செல்வன் பிரஷ்ஷோடு துப்பாக்கியை நெருங்கினார். மதுரைவீரன் அதைக் குழந்தையைப் போலக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அடி. என்மேலயும் சேர்த்து அடி. நாளைக்குப் பிரிகேடியர் வந்து என்னைத் திறந்து வைக்கட்டும்."

"எந்திரிங்கண்ணே. கமிட்டி முடிவு."

"உன் கமிட்டி போண்டாவுக்குத் தலையாட்டுற கமிட்டி."

அப்போது வாசலில் ஒரு ஆட்டோ நின்றது. மடிசாரோடு வகுளா மாமி இறங்கினார். மார்போடு ஒரு பூக்கூடை. உள்ளே காலை வைத்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"என்ன நாத்தம் இது?"

"முட்டை போண்டா மாமி" என்றது கமிட்டி.

"இங்கேயா பெருமாளைக் கேட்டேள்?" என்று மதுரைவீரனை ஒரு பார்வை பார்த்தார் மாமி. அவருக்கு அப்படியே துப்பாக்கிக்குள் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது. மாமி நேரே சுவரருகே போய், கருப்புக் கல்லில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாக, விரல் வைத்துப் படித்தார். சின்னையன் பெயரில் விரல் நின்றது.

"இவர்தானா?"

"ஆமாங்க."

"என்ன வயசு?"

"இருபத்திரெண்டு."

மாமி கூடையைத் திறந்து, பட்டுத் துணியை விலக்கி, தகட்டை மேசைமேல் வைத்தார். "தரேன். இவருக்குக் கைங்கர்யமா இருக்கட்டும். ஆனா ஒண்ணு. திருமண் தலைகீழா நிக்கப்படாது. நின்னா அன்னிக்கே கழட்டி எடுத்துண்டு போயிடுவேன்."

மதுரைவீரன் தகட்டைக் கட்டையில் வைத்துப் பார்த்தார். துப்பாக்கி நிமிர்ந்து நின்றால் அம்பு மேலே பார்க்கும், திருமண் தலைகீழ். திருமண் நேராக நிற்க வேண்டுமென்றால் ஒரே வழிதான்.

"துப்பாக்கியைத் தலைகீழாத்தான் மாட்டணும். வாய் கீழ, கட்டை மேல."

அன்புச்செல்வன் பொங்கிவிட்டார். "தலைகீழாவா? துப்பாக்கி என்ன வௌவாலா? பிரிகேடியர் வந்து பார்த்தா என்ன நெனைப்பாரு? பட்டாளத்துல இருந்த எவனாவது துப்பாக்கி வாயைத் தரையைப் பார்க்க வெச்சு..."

சொல்லிக்கொண்டே துப்பாக்கியைப் பிடுங்கி, அப்படி வைத்தால் எவ்வளவு அசிங்கம் என்று காட்ட, வாயைக் கீழே ஊன்றிக் கட்டையின்மேல் இரண்டு கைகளையும் வைத்தார். வைத்தவர் பேச்சை நிறுத்திவிட்டார். தலை தானாகக் குனிந்தது. பருத்த உடம்பு நேராகி, குதிகால்கள் சேர்ந்தன. கேரம் ஆடியவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள்.

"என்ன ஆச்சு இவாளுக்கு?" என்று மாமி மெல்லக் கேட்டார்.

"சோக் சஸ்தர்" என்றார் அன்புச்செல்வன், தலையைத் தூக்காமலே. "செத்தவனுக்குக் குடுக்குற மரியாதை மாமி. துப்பாக்கி வாயைத் தரையில வெச்சு இப்படித்தான் நிப்போம். எத்தனை பேருக்கு நின்னிருக்கேன்." கொஞ்சம் பொறுத்து, "இந்தக் கல்லுக்குக் கீழ வேற எப்படி மாட்டுறது?" என்று எரிந்து விழுந்தார், இத்தனை நேரமும் நேராக மாட்டச் சொன்னது வேறு யாரோ என்பதைப் போல.

மதுரைவீரன் திருகுகளை மாட்டினார். அண்ணனுக்கு இந்த மரியாதையை யாராவது செய்தார்களா என்று அவருக்குத் தெரியாது. இரண்டாவது திருகு மாட்டும்போது கண் தெரியவில்லை. பழைய வெள்ளிப் பெயின்ட்டின் தூசி என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தங்கப் பெயின்ட் டப்பாவை அன்புச்செல்வனே எடுத்துக்கொண்டுபோய்த் தன் வீட்டுக் கேட்டுக்கு அடித்தார்.

மறுநாள் பிரிகேடியர் திரையை விலக்கி, தலைகீழாகத் தொங்கிய துப்பாக்கியைப் பார்த்து விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். பிறகு கிட்டப் போனார். சலாகையின் நுனி ஏன் கொக்கியாக இருக்கிறது என்று கேட்டார். நெருப்பில் காட்டி நிமிர்த்தினால் இரும்பு கெட்டுவிடும், அதனால் பாலக்கரை ஷட்டரை இழுத்த கோலத்திலேயே விட்டிருக்கிறோம் என்றார் மதுரைவீரன். பிரிகேடியர் புரிந்த மாதிரி தலையசைத்து, பட் பிளேட்டைக் குனிந்து பார்த்தார்.

"அம்பு முத்திரை. அசலா?"

"அசல் சார்."

"அம்பு இல்லை, திருமண்" என்றது முதல் வரிசையிலிருந்து ஒரு குரல்.

இப்போது சனிக்கிழமைதோறும் மாமி ஆட்டோவில் வருகிறார். துளசியை ஈரத்தோடு சாத்துகிறார். பித்தளையில் ஈரம் படுவதைக் கண்டு மதுரைவீரன் கொதிக்கிறார். அவர் எண்ணெய்த் துணியால் துடைப்பதைக் கண்டு, பெருமாளைக் கந்தையால் துடைக்கிறாரே என்று மாமி கொதிக்கிறார். இனி மண்டபத்தில் முட்டை போண்டா கூடாது என்று மாமி உத்தரவு போட்டுவிட்டதால் கமிட்டி மொத்தமும் தெருவில் நின்று தின்றபடி கொதிக்கிறது.

அதனால்தான் செல்லக்கிளி சனிக்கிழமைகளில் ஜமுக்காளம் துவைக்கிறாள். மத்தியானத்துக்குள் காய்ந்துவிடுகிறதாம்.